விருந்தாளிக்காக அல்ல, நாம் வீடு திரும்புவதற்காக

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், நிந்தவூர் அரிசி ஆலைத் தொழிலாளர் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நாங்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் இருக்கிறது எங்கட நிந்தவூர். ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். பெரும்போகமும் சிறுபோகமும் அறுவடையானால் எங்கட மில்லுகளுக்கு நெல் மூட்டை மூட்டையாக வரும். உங்களுக்குக் கொழுந்து, எங்களுக்கு நெல். பொருள் வேறானாலும், உங்கட ஸ்டோரில் ஓடும் ரோலரும் எங்கட மில்லில் ஓடும் பெல்ட்டும் ஒரே மாதிரித்தான். மாட்டிக்கொண்டது இலையா, நெல்லா, மனிசன்ட கையா என்று மெஷினுக்குத் தெரியாது.

இன்றைக்கு எங்களுக்குத் தந்த தலைப்பு, வேலைத்தலத்தின் சுத்தமும் ஒழுங்கும் பாதுகாப்பும். "சுத்தமா? அதுதான் நாளாந்தம் கூட்டுறோமே" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? வெளியிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வரும் நாளில்தான் முழுச் சுத்தம். அன்றைக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குத் தண்ணீர். வந்தவர்கள் போனதும் பழைய குறை தேயிலை மூட்டை மறுபடியும் வாசலை மறிக்கும். விருந்தாளிக்காகச் செய்கிற சுத்தம் நம்மைக் காப்பாற்றாது. அதைத்தான் நாங்கள் சொல்ல வந்திருக்கிறோம்.

தூசை ஏன் சும்மா நினைக்கக் கூடாது?

முதலில் தூசைப் பற்றிப் பேசுவோம். தேயிலை சலிக்கிற இடத்தில் பஞ்சு போலப் பறக்கும் தூசு எல்லோரும் கண்டதுதான். எங்களுக்கு உமித் தூசும் தவிட்டுத் தூசும். "பழகிப் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். நெஞ்சு பழகுவதில்லை. நமது நாட்டின் நெஞ்சுநோய் வைத்திய நிபுணர் சி. ஜி. உறகொட, தேயிலைத் தூசினால் டீமேக்கர் ஒருவருக்கு ஏற்பட்ட ஆஸ்துமாவைப் பற்றி 1970இல் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். தேயிலைத் தூசில் வேலை செய்பவர்களின் சுவாச நோய்களைப் பற்றி 1980இலும் எழுதினார். ஆகவே ஸ்டோர் வேலைக்காரருக்கு விடாமல் இருமல் இருந்தால், பனிக்குளிர் என்று விட்டுவிடாமல் டொக்டரிடம் போக வேண்டும். போனால், தான் தூசில் வேலை செய்வதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தூசு நெஞ்சுக்கு மட்டும் பகையல்ல. 2008 பெப்ரவரி 7ஆம் திகதி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வேர்த் என்ற ஊரில், சீனி ஆலை ஒன்று வெடித்தது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். வெடித்தது வெடிமருந்து அல்ல, நாம் தேநீரில் போடுகிற சீனியின் தூசு. மூடிய கன்வேயருக்குள் முதலில் ஒரு வெடிப்பு. அந்த அதிர்ச்சியில் தரையிலும் உயரத்திலும் நாட்கணக்காகப் படிந்து கிடந்த தூசு கிளம்பித் தீப்பிடித்து, அடுத்தடுத்து வெடித்தது. அன்றாடம் கூட்டி அள்ளியிருந்தால் இவ்வளவு பெரிய அழிவு வந்திராது என்பதே விசாரணையில் கண்ட பாடம். மா, தவிடு, தேயிலை என்று எரியக்கூடிய எந்தக் காய்ந்த தூசுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆகவே தரையை மட்டும் பார்க்காதீர்கள். வளையின் மேல், லைட்டின் மேல், மோட்டரின் மேல் படிந்ததையும் பாருங்கள். இன்னொன்று: காற்றுக் குழாயால் ஊதினால் தூசு போவதில்லை, இடம்தான் மாறுகிறது. உறிஞ்சி எடுக்க வேண்டும், அல்லது மெதுவாகக் கூட்டி அள்ள வேண்டும்.

வழியை மறிக்காதீர்கள்

1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க் நகரில் ஒரு தையல் தொழிற்சாலை எரிந்தது. வெட்டி எறிந்த துணித் துண்டுகள் மேசைகளின் கீழே குவிந்து கிடந்தன. அதிலே நெருப்புப் பிடித்தது. ஓடிய பெண்களுக்கு ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். அள்ளாத குப்பையும் திறக்காத கதவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? உங்கட ஸ்டோரில் எத்தனை வாசல், எது மூட்டையால் அடைபட்டிருக்கிறது என்று நாளைக்கே எண்ணிப் பாருங்கள்.

நம்ம நாட்டிலேயே ஒரு உதாரணம்

ஜப்பான்காரர் தங்கள் தொழிற்சாலைகளில் ஐந்து பழக்கம் வைத்திருக்கிறார்கள். 'ஐந்து எஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேண்டாததை அகற்றுவது, வேண்டியதை அதனதன் இடத்தில் வைப்பது, துடைத்துக் கூட்டுவது, இந்த மூன்றையும் ஒரே முறையாக எல்லோரும் செய்வது, அதைப் பழக்கமாக விடாமல் நடத்துவது. கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில், பணிப்பாளராக இருந்த டொக்டர் விமல் கரந்தகொட, 2000ஆம் ஆண்டில் இந்த முறையைத் தொடங்கினார். புதுக் கட்டடத்தையோ புது மெஷினையோ நம்பித் தொடங்கிய வேலை அல்ல அது. சிற்றூழியரில் இருந்து டொக்டர்மார் வரை எல்லோரும் கை வைத்தார்கள். பிறகு 2007 முதல், ஜப்பானின் உதவியோடு, ஆபிரிக்க நாட்டு வைத்தியசாலைகளும் அதைப் பார்த்துப் பின்பற்றின. இலங்கையில் தொடங்கியதை வெளிநாடு படிக்கும்போது, நம்மால் நமது ஸ்டோரில் செய்ய முடியாதா?

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே சுத்தம் கூட்டுகிற அக்காவின் வேலையாக மட்டும் விடப்படவில்லை. நம்மிடம்தான் விளக்குமாறு என்றால் பெண் பிள்ளை என்ற எண்ணம். எண்ணெய் சிந்தியவர் எண்ணெயைத் துடைக்கட்டும். ஸ்பேனரை எடுத்தவர் அதன் ஆணியிலே திரும்ப மாட்டட்டும். அவரவர் செய்தால் ஐந்து நிமிஷ வேலை.

யாருடைய கடமை?

இதைச் சொல்லாமல் போனால் எங்கட பேச்சு முழுமையாகாது. விபத்து நடந்தால் "தொழிலாளியின் கவனயீனம்" என்று சொல்வது சுலபம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்வது வேறு. வேலை இடத்தின் அழுக்கையும் குப்பையையும் நாள்தோறும் அகற்ற வேண்டும். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு உறுதியான மறைப்பு வேண்டும். இவை நிர்வாகத்தின் பொறுப்பு. விபத்தினால் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமற் போனால், அதை எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். காயம்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே பெல்ட்டுக்கு மறைப்பு இல்லையென்றால் டீமேக்கர் ஐயாவிடம், தலைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது வம்பு அல்ல, உரிமை. கழற்றிய மறைப்பைத் திரும்பப் பூட்டாமல் விடாதது நம்முடைய கடமை.

மறக்கக் கூடாத சில

ஓடுகிற மெஷினை ஒருபோதும் துடைக்காதீர்கள், ஒட்டிய இலையைக் கையால் எடுக்காதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்தி, "ஆள் வேலை செய்கிறார்" என்று பலகை மாட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அவசரம் என்று யார் சொன்னாலும் அதுதான் முறை.

முந்தானையை இறுக்கிச் செருகுங்கள், தலைமுடியைத் துணியால் கட்டுங்கள். தளர்ந்த சட்டைக் கையோடு ரோலர் பக்கம் போகாதீர்கள்.

எண்ணெய் பட்ட துணியை டிரையர் அடுப்புப் பக்கம் குவிக்காதீர்கள்.

மருந்து அடித்த வெறும் கேனை லயத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடிக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் அது குடிதண்ணீர்ப் பாத்திரம் ஆகாது.

வேலை முடிந்து வந்ததும் தூசு படிந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். முதலில் முகம் கை கழுவி உடுப்பை மாற்றுங்கள்.

அன்பானவர்களே, காலையில் பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற தாய், மாலையில் அதே இரண்டு கைகளாலும் அந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும். எங்கட மில்லிலும் உங்கட ஸ்டோரிலும் சுத்தம் வேண்டியது அதற்காகத்தான். நாளைக் காலை ஒவ்வொருவரும் தான் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். அங்கே இருக்கத் தேவையில்லாத ஒரு சாமானை அகற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அடுத்த நாள் இன்னொன்று.