அட்டையில் ஓட்டை தப்பாப் போனா சேலையில் பூ தப்பாத்தான் விழும்!
கம்ப்யூட்டர் பட்டாவும் நம்ம கோரிக்கையும்

(காஞ்சிபுரத்தில் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

   

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறோம். நாம கம்ப்யூட்டருக்கு எதிரிகள் இல்லை. "இந்த விவசாயிகளுக்கு எது புதுசா வந்தாலும் பிடிக்காது" என்று சில அதிகாரிகள் பேசுகிறார்கள். அது பொய். ஒரு சிட்டா நகலுக்காக மூணு நாள் பஸ் ஏறி தாலுகா ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்தவங்க நாம. இன்றைக்கு அதே சிட்டாவை செல்போனில் பார்க்க முடிகிறது. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு: அந்தச் சிட்டாவில் இருக்கிற தப்பை யார் திருத்துவது? எத்தனை நாளில் திருத்துவது?

நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருத்தர். ஊர், பேர் வேண்டாம். ஒரு ஏக்கர் நிலம். தாத்தா காலத்திலிருந்து பயிர் வைக்கிறார். பட்டா நகல் எடுத்துப் பார்த்தால் பத்து செண்டு என்று இருக்கிறது! ஒரு ஏக்கர் என்றால் 40.50 ஏர். யாரோ ஒருத்தர் புள்ளியை ஒரு இடம் தள்ளி 4.05 என்று போட்டுவிட்டார். ஒரு புள்ளி, தொண்ணூறு செண்டைத் தின்றுவிட்டது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு போட்டார். "உரிய ஆவணம் இல்லை" என்று ஒரே வரியில் தள்ளுபடி. மறுபடி 60 ரூபாய், மறுபடி மனு, மறுபடி தள்ளுபடி. எந்த ஆவணம் இல்லை என்று எழுதவில்லை. யாரைக் கேட்டாலும் "நாங்க என்ன பண்றது, கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது" என்கிறார்கள்.

கம்ப்யூட்டர் காட்டுது! அது தானாகவா எழுதிக்கொண்டது?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபம். இங்கே பாதி வீட்டில் தறி இருக்கிறது. ஜக்கார்டு பெட்டியில் அட்டை கோர்க்கிறோம். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு ஓட்டை தப்பாப் போனால் முந்தானையில் மயிலின் மூக்கு கோணித்தான் வரும். நெசவாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அட்டையை மாற்றாமல் அதைத் திருத்த முடியாது. 1800களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு கொண்டுவந்த இந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான், பிற்பாடு கணக்கு மெஷினுக்கும் அட்டை செய்தார்கள். கம்ப்யூட்டருக்கு நம்ம தறி பெரியப்பா முறை! ஆகவே அதன் குணமும் நமக்குத் தெரியும். போட்டதைத்தான் அது எடுக்கும்.

தப்பு எப்படி உள்ளே போனது?

1980 வரைக்கும் ஊர்க் கணக்கு பரம்பரைக் கர்ணம் கையில் இருந்தது. அவர் எழுதியதே எழுத்து. அந்த ஆண்டு நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதே காலத்தில்தான், 1979லிருந்து 1987 வரை, நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. நாம 'யு.டி.ஆர்.' என்று சொல்கிறோமே, அதுதான். ஏக்கர், செண்டு எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது. பழைய சர்வே எண்கள் உட்பிரிவு ஆயின. நல்ல நோக்கம்தான். ஆனால் வேகவேகமாக எழுதியதில் அண்ணன் நிலம் தம்பி பேரில் போனது. பாகம் பிரித்தவர்கள் கூட்டுப் பட்டாவில் சிக்கினார்கள். வெளியூர் வேலைக்குப் போனவர் பேர் விட்டுப்போனது. ஊரில் பல பேருக்கு நோட்டீஸ் வந்ததே தெரியாது.

அதற்கு மேலே கம்ப்யூட்டர் வந்தது. கையால் எழுதின சிட்டாவைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பழைய தப்பு அப்படியே ஏறியது, புதுசாக எழுத்துப் பிழையும் சேர்ந்தது. 'முனுசாமி' பட்டாவில் 'முனியசாமி' ஆனார், ஆதாரில் 'முனிசாமி' ஆனார். ஒரே ஆள், மூணு பேர்! காகிதத்தில் இருந்தவரை வி.ஏ.ஓ.வும் மணியக்காரரும் "நம்ம முனுசாமிதானே" என்று விட்டுவிடுவார்கள். மெஷினுக்கு நம்ம முனுசாமியைத் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் அவன் வேற ஆள்.

இப்போ ஏன் அவசரம்?

ஏன் என்றால், இன்றைக்கு எல்லாம் அந்த ஒரு பட்டாவில் வந்து நிற்கிறது. 2019 பிப்ரவரியில் பி.எம். கிசான் திட்டம் வந்தது, வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. அதற்குப் பட்டா வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்க, ஆன்லைனில் பதிவு செய்யவும் அடங்கல் வேண்டும். 2025ல் விவசாயிக்குத் தனி அடையாள எண் என்று ஊர் ஊராகப் பதிவு நடந்தது. ஆதார், செல்போன், பட்டா மூன்றையும் முடிச்சுப் போட்டு ஒரு எண். அந்த முடிச்சில் ஒரு இழை அறுந்தால், ஒரே நாளில் நாம் விவசாயியே இல்லை என்று ஆகிவிடும். களத்தில் நெல் குவிந்து கிடக்கும், மேலே மழை மேகம் நிற்கும், நம்ம கையில் இருப்பது தள்ளுபடி ரசீது!

அதைவிட மோசம் குத்தகை விவசாயிகள் நிலை. இது கோயில் ஊர். சுற்றுப்பக்கத்துக் கிராமங்களில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிற குடும்பங்கள் எத்தனை! பட்டா கோயில் பேரில். உழுகிறவர் கையில் இருப்பது குத்தகை ரசீது மட்டும். பி.எம். கிசான் நிலம் பேரில் இருக்கிறவருக்கு மட்டும்தான். வெள்ளம் வந்தால் விதை போவது குத்தகைதாரருக்கு, கணக்கில் பேர் இருப்பது நிலம் உடையவருக்கு. குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சட்டத்தை முழுசாக அமல் செய்யாமல், அதன் தலையில் புது எண்ணைக் கட்டினால் என்ன ஆகும்? உழாதவருக்கு எண் கிடைக்கும், உழுதவருக்குக் கிடைக்காது.

அப்புறம் கைரேகை. நாற்றுப் பறிக்கிற கை, ஜரிகை இழுத்து இழுத்துத் தேய்ந்த கை. மெஷினில் வைத்தால் "பொருந்தவில்லை" என்கிறது. அறுபது வருஷம் உழைத்ததுக்கு அடையாளமாகத் தேய்ந்த ரேகை, கடைசியில் நம்ம அடையாளத்தையே அழித்துவிட்டது. முகம் பார்த்துப் பதிகிற வசதி இருக்கிறது, செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புகிற வசதி இருக்கிறது. இருந்தும் பாட்டிமார்களைத் திரும்ப அனுப்புகிறார்கள்.

மெஷின் வந்தால் திருட்டு நிற்குமா?

"எல்லாம் ஆன்லைன், இனிமேல் புரோக்கருக்கு வேலை இல்லை" என்றார்கள். 2020ல் என்ன நடந்தது? ஊரடங்கு நேரம். நாமே பதிவு செய்துகொள்ளலாம் என்று பி.எம். கிசான் இணையத்தைத் திறந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாத லட்சக்கணக்கான பேர் விவசாயி ஆனார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியாள் கைக்குப் போனது. கம்ப்யூட்டர் சென்டர்காரரும் புரோக்கரும் பூந்து விளையாடினார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அந்தப் பேர்ப் பட்டியலை ஊர்க் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை வாசித்திருந்தால்? "இவருக்கு ஏதுய்யா நிலம்?" என்று நாலு பேர் எழுந்து கேட்டிருப்பார்கள். சாவடியில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்குத் தெரிந்தது, மெஷினுக்குத் தெரியவில்லை.

பக்கத்து மாநிலத்தில் என்ன செய்தார்கள்?

கர்நாடகாவில் 'பூமி' என்ற திட்டம் 2001 வாக்கில் முழுசாக நடைமுறைக்கு வந்தது. சுமார் 67 லட்சம் விவசாயிகளின் நிலக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அப்போது 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தார்கள். அதில் மூணு விஷயம் நமக்குப் பாடம். ஒன்று, பட்டா மாற்ற மனு வந்த வரிசைப்படிதான் எடுக்க வேண்டும், பின்னால் வந்தவரை முன்னால் தள்ள மெஷின் விடாது. இரண்டு, கவுண்டரில் விவசாயி பக்கம் திரும்பினபடி இன்னொரு திரை, என்ன தட்டுகிறார்கள் என்று நாமே பார்க்கலாம். மூன்று, கணக்கைத் திறக்கும்போது கைரேகை வைக்க வேண்டியவர் அதிகாரி! யார் கை வைத்தது என்று பதிவாகிவிடும். கேட்டீர்களா? அங்கே அதிகாரி ரேகை வைத்தார். இங்கே நம்ம பாட்டி ரேகை வைக்கிறாள்.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. சின்ன விவசாயியை விட, மொத்தமாக நிலம் தேடுகிற பெரிய கைகளுக்குத்தான் அது ரொம்ப வசதியாகப் போனது என்று எழுதின ஆய்வாளர்கள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற நமக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்காக 2022ல் 13 கிராமங்களின் பேர் வந்தபோது, ஏகனாபுரத்து மக்கள் வீதிக்கு வந்தார்களே! நிலம் எடுக்கும்போது இழப்பீடு யாருக்கு என்பதையும் இந்தக் கணக்குத்தான் சொல்லும். கணக்கு தப்பாக இருந்தால் நிலமும் போகும், பணமும் போகும்.

நம்ம உத்திரமேரூர் என்ன சொல்கிறது?

ரொம்ப தூரம் போக வேண்டாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டின கல்வெட்டு. குடவோலை முறையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் தேர்ந்தெடுத்த விதியை எழுதியிருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர், அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கின உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது! அந்தச் சபை பிராமணர் ஊர்ச் சபை, நம்ம பாட்டன்களுக்கு அதில் ஓலை இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஆகவே பழம்பெருமை பேச வரவில்லை. ஆனால் விதியை எங்கே எழுதினார்கள்? எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில். கணக்குக் காட்டாதவரைத் தள்ளி வைக்க விதி எழுதினார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் செய்ததை, இன்றைக்கு மெஷினில் செய்ய முடியாதா?

நம்ம கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஊரிலும் 'அ' பதிவேடு, பட்டா, அடங்கல் விவரத்தைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஆட்சேபம் கேட்டு அங்கேயே பதிவு செய்ய வேண்டும்.
2. யு.டி.ஆர். பிழை, தட்டச்சுப் பிழை அரசு செய்த பிழை. கட்டணம் இல்லாமல் 30 நாளில் திருத்த வேண்டும். மனுக்களை வரிசைப்படி எடுக்க வேண்டும். தள்ளுபடி செய்தால் காரணத்தை முழுசாக எழுத வேண்டும்.
3. குத்தகைதாரரையும் கோயில் நிலத்தில் உழுகிறவரையும் 1969 சட்டப்படி பதிவு செய்து, விவசாயி எண் கொடுக்க வேண்டும்.
4. கைரேகை விழவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.
5. எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காமல் தவணையை நிறுத்தக் கூடாது.
6. உட்பிரிவு மனுக்கள் தேங்காமல் இருக்கப் போதுமான சர்வேயர்களைப் போட வேண்டும்.
7. பீகாரிலும் கர்நாடகாவிலும் 2011ல் கொண்டுவந்தது போல, குறித்த நாளில் வேலை முடிக்காவிட்டால் அதிகாரியைப் பொறுப்பாக்கும் சேவை உரிமைச் சட்டம் நமக்கும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோஷம் போட்டுட்டு வீட்டுக்குப் போனால் போதாது. இந்த வாரமே பட்டா நகல் எடுங்கள். பேர், அப்பா பேர், சர்வே எண், பரப்பு, இந்த நாலையும் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் ஜமாபந்தியில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை விடாதீர்கள். தாசில்தார் பட்டாவில் தப்பாக உத்தரவு போட்டால், 1983 பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. மனு என்ன ஆச்சு என்று தெரியாவிட்டால், பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். ஊரில் இருக்கிற பிழையை எல்லாம் ஒரே பட்டியலாகப் போட்டு, சங்கமாகப் போவோம்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகிறது. 2022க்குப் பிறகு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளையும் சேர்த்திருக்கிறார்கள். வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் ஒரே தீர்மானம்: "எங்கள் கணக்கை எங்கள் முன்னால் வாசி!"

தறியில் தப்பு விழுந்தால் முதலாளி கூலியில் பிடிக்கிறார். அரசாங்கத்து அட்டையில் தப்பு விழுந்தால் மட்டும் நாமே ஏன் கூலி கட்ட வேண்டும்? அட்டையை மாற்றச் சொல்லுவோம். மாற்றும் வரை விட மாட்டோம்.

வாசி வாசி, கணக்கை வாசி!
ஊர் முன்னால் கணக்கை வாசி!
திருத்து திருத்து, பிழையைத் திருத்து!
அரசு செய்த பிழையைத் திருத்து!

திரண்டு வாரீர்! ஆதரவு தாரீர்!