விருந்தாளியிடம் கேட்ட கேள்வி



சொந்தப் பணத்தில் அயல்நாடு செல்பவன் வழிதவறி அலைந்தேனும் ஊரை அறிந்துகொள்கிறான். அரசாங்க விருந்தாளிக்கு வழிதவறும் பாக்கியம் கிடையாது. விமான நிலையத்திலேயே வண்டி காத்திருக்கும். காலைச் சிற்றுண்டி முதல் இரவு விருந்து வரை ஒவ்வொரு நாழிகையும் அச்சிட்ட தாளில் அடங்கியிருக்கும். 2015ஆம் ஆண்டில் அத்தகைய விருந்தாளியாகச் சிங்கப்பூர் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நகரங்களின் நீர்வழங்கலைக் கண்டறியச் சென்ற சிறு குழுவில் நானும் ஒருவன்.

நான் வசிப்பது பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட். 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியருக்கான குடியேற்றமாகத் தோன்றிய அமைதியான ஊர் அது. 1992ஆம் ஆண்டில் பிரதமர் நரசிம்ம ராவும் சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் தோங்கும் கருக்கொண்ட தொழில்நுட்பப் பூங்கா அங்கே எழுந்த பிறகு, ஊரின் முகமே மாறிற்று. ஆதலால் சிங்கப்பூர் எங்களுக்கு முற்றிலும் அந்நியமன்று.

எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு தமிழ் அம்மையார்; நீர்வளத்துறை அதிகாரி. தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. அவர் முதலில் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். ஒரு காலத்தில் நாற்றமெடுத்துக் கிடந்த அந்த ஆற்றை, 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் பாடுபட்டுத் தூய்மை செய்த வரலாற்றைச் சொன்னார்.

அடுத்து, கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையம். நுண்ணிய சவ்வுகளின் வழியே நீரைச் செலுத்திப் பின்னர்ப் புற ஊதாக் கதிர்களால் கிருமிகளை ஒழிக்கிறார்கள். இதற்குத் தமிழில் 'புதுநீர்' என்று பெயர். பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சிறு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து, மீண்டும் சுத்திகரிக்கப்பட்டு, வீடுகளுக்கு வருகிறது. மக்களின் அருவருப்பைப் போக்க, 2002ஆம் ஆண்டுத் தேசிய தினத்தன்று பிரதமர் கோ சோக் தோங்கும் திரளான மக்களும் அந்நீரைப் பருகிக் காட்டினார்களாம்.

அம்மையார் எங்கள் கைகளிலும் ஆளுக்கொரு புட்டியைக் கொடுத்தார். கை சற்றுத் தயங்கிற்று, மறைப்பானேன்? விருந்தோம்பலை மறுப்பது முறையன்று என்று குடித்தேன். நீருக்குச் சுவையுமில்லை, குறையுமில்லை.

"உங்கள் ஊரில் கழிவுநீரை என்ன செய்கிறீர்கள், ஐயா?" என்று இயல்பாகக் கேட்டார் அவர்.

அந்த ஆண்டுதான் வைட்ஃபீல்டுக்கு வரும் சாலையில், வர்த்தூர் ஏரிக் கலிங்கிலிருந்து வெண்ணுரை மலைபோல் பொங்கிக் காற்றில் பறந்து, வண்டியோட்டிகளின் முகத்தில் அப்பியது. அதற்கு மேற்கேயுள்ள பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றி எரிந்தது. இவையனைத்தும் நாங்கள் ஏரியில் விட்ட கழிவுநீரின் விளைவு. நானோ, "ஆவன செய்யப்பட்டு வருகிறது" என்றேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். அரசாங்க விருந்தாளி தன் நாட்டின் மானத்தைக் காப்பவன் என்று அப்போது எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் தம் அனுபவத்திலிருந்து பயனுள்ள நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அதை இழந்தவன் நான்தான்.

பின்னர், 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு, நிலத்தடி நீரைப் பெருக்கக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படலாயிற்று. ஆயினும் 2024ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. லாரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தோம். அவ்வாண்டு அக்டோபரில், நகர எல்லையில் சேர்ந்த 110 கிராமங்களுக்கும் நீர் தர, காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டுநிலத்துக்கு ஏற்றிக் கொணரும் நீர் அது. அதையும் ஒரு முறை பயன்படுத்திச் சாக்கடையில் விடுவோமானால், காவிரிதான் எத்தனை நாள் தாங்கும்?

அந்த அம்மையார் என்றேனும் வைட்ஃபீல்டுக்கு வந்தால், தொழில்நுட்பப் பூங்காவைக் காட்டுவதற்கு முன் அவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வேன். அன்று சொல்லத் தவறிய பதிலை அங்கே சொல்வேன்.