இளம் மூளையும் உளநலமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



நேற்றுவரை சொற்கேட்டு நடந்த பிள்ளை, பதின்மூன்றாம் வயதிலே திடீரெனச் சினக்கின்றான். கதவை அடித்துச் சாத்துகின்றான். நள்ளிரவு வரை விழித்திருந்து காலையில் எழும்ப மறுக்கின்றான். "பிள்ளை கெட்டுவிட்டான்" என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அத்தீர்ப்பு நீதியானதா என்பதையே இன்று சிந்திக்க விரும்புகின்றோம்.

ஆறு வயதளவிலே பிள்ளையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகின்றது. ஆயினும் வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஜே கீட் என்பாரும் அவருடன் உழைத்தோரும், பிள்ளைகளும் இளைஞருமாக 145 பேருடைய மூளைகளைக் காந்தக் கருவியாற் படம்பிடித்து, அவருட் சிலரை ஆண்டுகள் கழித்து மீண்டும் படம்பிடித்து, தாம் கண்டதை வெளியிட்டனர். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையிலே நரைநிறப் பொருள், பெண்பிள்ளைகளில் 11 வயதளவிலும் ஆண்பிள்ளைகளில் 12 வயதளவிலும் உச்சத்தை அடைந்து, அதன்பின் குறையத் தொடங்குகின்றது என்பதே அது.

குறைகின்றதே என்று அஞ்சவேண்டியதில்லை. முந்திரிகைக் கொடியைத் தோட்டக்காரர் கத்தரித்துவிடுவது அது காய்ப்பதற்காகவே அன்றோ? அவ்வாறே பயன்படாத நரம்பிணைப்புகள் நீங்க, பழகிய இணைப்புகள் உறுதி பெறுகின்றன என்பது அறிஞர் கருத்து.

சங்கடம் வேறோரிடத்தில் உள்ளது. அச்சம், சினம், ஆசை என்பவற்றை எழுப்பும் உட்பகுதிகள் முந்தி வேகங்கொள்கின்றன. பொறுத்து எண்ணிப் பார்க்கும் முன்மூளையோ இருபத்தைந்து வயதளவிலேதான் முதிர்கின்றது. வண்டிமாடு ஓடத் தொடங்கிவிட்டது. நாணயக்கயிறு இன்னும் திரிபடுகின்றது. உளநோய்களுள் மூன்றிலொரு பங்கு 14 வயதுக்கு முன்னரும், அரைப்பங்கு 18 வயதுக்கு முன்னரும் தோன்றுகின்றன என உலக சுகாதார நிறுவனம் கூறுவதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உறக்கத்துக்கு உதவும் மெலற்றோனின் என்னும் சுரப்பும் இப்பருவத்திலே பிந்தியே சுரக்கின்றது. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். நாமோ இரவிலே கைத்தொலைபேசியையும், விடியுமுன் ரியூசன் வகுப்பையும் கொடுத்துவிட்டு, "சோம்பேறி" என்று பெயரும் சூட்டுகின்றோம்!

இது பிழைக்குச் சாக்கன்று. பிழையைக் கண்டிப்போம், பிள்ளையை வெறுத்தல் வேண்டா. சினம் தணிந்தபின் பேசுவோம்; அவன் பேசும்போது இடைமறியாது கேட்போம். வாரக்கணக்காய்ப் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், தோழரை விட்டு ஒதுங்கினால், "ஊர் என்ன சொல்லும்" என்று மறையாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கமும் அதற்கென்றே உள்ளது.

மூத்த இளைஞர்களே! தகப்பனிடம் சொல்லக் கூசுவதைத் தம்பி உங்களிடம் சொல்லுவான். ஒவ்வொருவரும் ஒரு தம்பிக்கேனும் தங்கைக்கேனும் செவிகொடுத்தால், இவ்வாண்டில் நம் சங்கம் ஆற்றும் பணிகளுள் அதுவே தலையாயதாகும்.