பலகை ஓவியமும் பகுத்தாயும் அறிவியலும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில் அறிவியல் பற்றி ஓர் உரை வேண்டும் என்று கேட்டனர். அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ பேசுவோம் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஐரோப்பாவில் 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை மரப்பலகைகளின்மீது வரையப்பட்ட ஓவியங்களை இக்கால ஆய்வுக்கூடங்கள் எவ்வாறு ஆராய்கின்றன என்பதே அது. “அவ்வோவியங்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?” என்று நீங்கள் வினவலாம். அவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்குமாறு வேண்டுகிறோம்.

பொன்னின் அடியில் இருப்பது எது?

இத்தாலிய நாட்டின் பழைய பலகை ஓவியம் ஒன்றின் முன் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது பொன். உருவங்களுக்குப் பின்னே முழுவதும் பொன் தகடு வேய்ந்தாற்போல் ஒளிவிடும். ஆனால் அந்தப் பொன் மரத்தின்மீது நேராக ஒட்டப்பட்டதன்று. அதற்கு அடியில் பல அடுக்குகள் உள்ளன.

1400-ஆம் ஆண்டையொட்டிச் செனினோ செனினி என்னும் ஓவியர் எழுதிய கைவினை நூல் இவ்வடுக்குகளை ஒவ்வொன்றாக விளக்குகிறது. ஆசானிடம் 12 ஆண்டுகள் பயின்றவர் அவர். முதலில் பலகை, இத்தாலியில் பெரும்பாலும் பாப்லர் மரம். அதன்மேல் வச்சிரம் பூசுவார்கள். பிறகு அதே வச்சிரத்தில் நனைத்த பழந்துணிக் கீற்றுகளை ஒட்டுவார்கள். மரம் சுருங்கினாலும் விரிந்தாலும் மேற்பூச்சு வெடிக்காமல் இருக்க இது உதவும். துணியின்மேல் வச்சிரத்தில் குழைத்த பருமனான ஜிப்சப் பூச்சு. அதன்மேல் நயமான ஜிப்சப் பூச்சு; இதற்குரிய மாவை ஏறத்தாழ ஒரு மாதம் நீரில் ஊறவைத்து, இறுகிவிடாதபடி நாள்தோறும் கலக்கி வரவேண்டும். இப்பூச்சு எட்டு முறையேனும் பூசப்படவேண்டும் என்கிறார் செனினி. பின்னர் அது தந்தம்போல் வழவழப்பாகும்வரை சுரண்டப்படும். அதற்கும் மேலே முட்டையின் வெள்ளைக்கருவில் கரைத்த செங்களிமண். அதன்மேல்தான் பொன் தாள். ஒட்டிய பொன்னை வழவழப்பான கல்லாலோ, நாய் முதலிய விலங்குகளின் பல்லாலோ தேய்த்தால்தான் அது ஒளிவிடும். தேய்க்காத பொன் மங்கியே கிடக்கும்.

இவை அனைத்தையும் பிடித்து நிறுத்தும் வச்சிரம் எதனால் ஆனது? ஆட்டுத்தோலை வெட்டும்போது உதிரும் துண்டுகள், ஆட்டின் மூஞ்சி, கால், நரம்பு ஆகியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்ததே அது. பிறர் கழித்தெறிந்த தோல் துண்டுதான் ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளாக அந்தப் பொன்னைத் தாங்கி நிற்கிறது. தோல் பதனிடுவோர் ஐரோப்பிய நகரங்களிலும் நகரின் ஓரத்திற்கும் ஆற்றின் கீழ்ப்புறத்திற்கும் ஒதுக்கப்பட்டனர். ஆங்கே நாற்றத்தைக் காரணம் காட்டினர். நம் நாட்டில் பிறப்பையே காரணமாக்கினர். ஓவியத்தைச் செய்வித்த செல்வரின் பெயர் எழுதப்பட்டது; சில வேளை ஓவியரின் பெயரும் எழுதப்பட்டது. வச்சிரம் காய்ச்சியவனின் பெயரை எவரும் எழுதவில்லை. ஆயினும் நுண்ணோக்கியின் கீழ் அவன் வேலை இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

வண்ணங்களும் இத்தகையனவே. சிவப்புக்குப் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். வெள்ளைக்கு, காடியின் ஆவியில் ஈயத்தை வைத்து எடுத்த ஈய வெள்ளை. செய்வோரின் உடலை அழிக்கும் நஞ்சு அது. உயர்ந்த நீலத்திற்கு, இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் பதக்சான் மலைச் சுரங்கங்களிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்னும் கல். அதைப் பொடித்து, மெழுகும் பிசினும் சேர்ந்த உருண்டையில் பிசைந்து, சாம்பற் காரநீரில் கசக்கி நீலத்தைப் பிரித்தெடுத்தனர். இவ்வண்ணப் பொடிகளை முட்டையின் மஞ்சட்கருவில் குழைத்துத் தீட்டினர். இளையோர் முகத்திற்கு வெளிறிய மஞ்சட்கருவுள்ள நகரத்துக் கோழியின் முட்டை, முதியோர் முகத்திற்குச் சிவந்த மஞ்சட்கருவுள்ள நாட்டுப்புறக் கோழியின் முட்டை என்று செனினி பிரித்துக் கூறுவது, அக்காலக் கைவினைஞரின் கூர்த்த நோக்குக்குச் சான்று.

அறிவியலார் காண்பது எவ்வாறு?

நூலில் எழுதியிருப்பது ஒன்று. ஓவியத்தில் செய்திருப்பது மற்றொன்றாக இருக்கலாம். ஆகவே ஓவியத்தையே கேட்டறிய வேண்டும். லண்டன் தேசிய ஓவியக் கூடம் 1934-இலேயே இதற்கென ஓர் அறிவியல் துறையைத் தொடங்கியது.

கிணறு வெட்டும்போது பக்கச்சுவரில் மேல்மண், செம்மண், சுக்கான், பாறை என்று அடுக்கடுக்காகத் தெரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைப்போன்றே, ஓவியத்தில் ஏற்கெனவே சிதைந்த ஓர் ஓரத்திலிருந்து குண்டூசித் தலையினும் சிறிய துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, பக்கவாட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், ஜிப்சம் முதல் மேற்பூச்சு வரை அனைத்தும் வரிசையாகத் தெரியும்.

துணுக்கு எடுக்காமலே அறியும் வழிகளும் உண்டு. எக்ஸ் கதிர் ஈயத்தைக் கடந்து செல்ல இடர்ப்படும். ஆதலின் ஈய வெள்ளை உள்ள இடமெல்லாம் படத்தில் வெண்மையாகத் தெரியும். அகச்சிவப்புக் கதிரோ பல வண்ணங்களை ஊடுருவிச் சென்று, அடியில் கரியால் வரைந்த முதற்கோட்டைக் காட்டும். நெதர்லாந்து நாட்டு அறிஞர் வான் ஆஸ்பெரன் டி புர் 1960-களின் பிற்பகுதியில் இம்முறையை வளர்த்தெடுத்தார். வேறொரு கருவி ஓவியத்தின்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் கதிரைக் கொண்டு ஈயம், செம்பு, பாதரசம், இரும்பு எனப் பெயர் சொல்லிவிடும். வண்ணம் முட்டையில் குழைக்கப்பட்டதா, எண்ணெயில் குழைக்கப்பட்டதா என்பதை அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் விகிதம் காட்டிக்கொடுக்கும். ஓக் பலகையாயின் அதன் ஆண்டு வளையங்களின் அகலத்தை அளந்து, அம்மரம் எவ்வாண்டிற்குப் பின் வெட்டப்பட்டது என்றும் கூறலாம். பிளாண்டர்சு நாட்டு ஓவியர் பலர் வரைந்த ஓக் பலகை அவர்கள் ஊர் மரமன்று, பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது என்று அவ்வளையங்களே உரைத்தன.

பெரியோர் சொல்லும் சிறு துணுக்கும்

இனி, இவ்வாய்வு கண்ட உண்மைகளில் சிலவற்றைக் கூறுவோம்.

இத்தாலிய எழுத்தாளர் வசாரி 1550-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், எண்ணெய் ஓவிய முறையைக் கண்டுபிடித்தவர் யான் வான் ஐக் என்று எழுதினார். வான் ஐக் 15-ஆம் நூற்றாண்டினர். வசாரி சொன்னார் என்பதற்காகவே இரு நூற்றாண்டுகளுக்கு மேல் உலகம் அதனை நம்பியது. 12-ஆம் நூற்றாண்டில் தியோபிலசு என்பார் எழுதிய நூலிலேயே ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் அரைக்கும் முறை இருப்பதை 1774-இல் லெசிங் எடுத்துக்காட்டினார். அதன் பின்னும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. நார்வே நாட்டின் சிற்றூர்த் தேவாலயங்களில் 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட பலகை ஓவியங்கள் எஞ்சியிருந்தன. அவற்றின் வண்ணத்தை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தபோது அது எண்ணெயில் குழைத்தது என்பது உறுதியாயிற்று. பொன் வாங்க இயலாத இடத்தில் வெள்ளித் தாளை ஒட்டி, அதன்மேல் மஞ்சள் மெருகெண்ணெய் பூசிப் பொன்போல் காட்டியிருந்த திறமும் வெளிப்பட்டது. உலகப் பெரும் புலவரின் கூற்றை, பெயர் தெரியாத சிற்றூர்க் கைவினைஞரின் வேலை திருத்தியது. யான் வான் ஐக் அதனால் சிறியவராகிவிடவில்லை. முன்னமே இருந்த முறையை உச்சிக்குக் கொண்டு சென்றவர் என்ற உண்மையான புகழ் அவருக்கு நிலைத்தது.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், வான் ஐக் உடன்பிறந்தார் செய்து 1432-இல் முடிவுற்ற பெரும் பலகை ஓவியம் உள்ளது. 2012-இல் அதனைச் சீர்செய்யத் தொடங்கியபோது, நூற்றாண்டுக்கணக்கில் அறிஞர் வியந்து போற்றிய பரப்பில் பெரும்பகுதி, பின்வந்த எவரோ மேலே தீட்டியது எனத் தெரியவந்தது. அதன் நடுவே நிற்கும் ஆட்டுக்குட்டியின் முகமும் அவ்வாறே மறைக்கப்பட்டிருந்தது. மேற்பூச்சை நீக்கியபோது, முன்னோக்கி நேராகப் பார்க்கும் கண்களோடு பழைய முகம் வெளிப்பட்டது. கண்டவர் சிலர் திகைத்தனர், சிலர் நகைத்தனர். பழகிய பொய் அழகாகத் தோன்றுவதும், பழகாத உண்மை விந்தையாகத் தோன்றுவதும் ஓவியத்தில் மட்டுமா உள்ளது?

மூன்றாவது செய்தி ஒரு பெண்மணியைப் பற்றியது. அமெரிக்காவில் மோர்கன் என்னும் செல்வரின் நூலகத்தில் 1905-இல் பணியேற்று, 1924-இல் அதன் இயக்குநராக உயர்ந்தவர் பெல் ட கோஸ்டா கிரீன். 15-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியம் என்று சொல்லி ஒரு பலகை ஓவியம் 1930-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு விலைக்கு வந்தது. அது போலி என்று கண்டவர் அவரே. அதே கை செய்த வேறு போலிகளையும் இனங்கண்டு, முகமறியாத அம்மனிதனுக்கு ‘ஸ்பானியப் போலி ஓவியன்’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அக்கை வரைந்த ஏடுகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் உலகில் இல்லாத, ஆர்சனிக் கலந்த செம்புப் பச்சை அதில் இருந்தது. அவர் கண்ணின் தீர்ப்பை வேதியியல் உறுதி செய்தது.

அந்த அம்மையார் யார்? ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரான ரிச்சர்டு கிரீனரின் மகள். நிறவெறி மிக்க அந்நாட்டில் கறுப்பினப் பெண் என்று சொல்லிக்கொண்டு அப்பதவியில் அமர்ந்திருக்க இயலாது. ஆகவே பெயரை மாற்றி, போர்த்துக்கீசிய வழியினர் என்று கூறியே வாழ்ந்து, 1950-இல் மறைந்தார். அவ்வுண்மை பரவலாக வெளிவந்தது 1999-இல்தான். ஓவியத்தின் பொய்ப்பூச்சைக் கண்டு சொன்னவர், தம் பிறப்பின்மீது தாமே ஒரு பூச்சைப் பூசிக்கொள்ளும்படி உலகம் செய்தது. அந்நிலை உங்களில் எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இச்சங்கம் தொடங்கப்பட்டது என்று நாம் கருதுகிறோம்.

மறைந்துபோன மஞ்சள்

நிறைவாக ஒன்று. இடைக்கால ஓவியர் விரும்பிப் பயன்படுத்திய மஞ்சள் ஒன்று 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வழக்கொழிந்தது. செய்வோர் மறைந்தனர், செய்முறையும் மறந்தது, அப்படி ஒரு வண்ணம் இருந்தது என்பதையே உலகம் மறந்தது. ஓவியங்களில் அதைக் கண்டவர்கள் வேறு மஞ்சள் என்று எண்ணினர். மியூனிக் நகர ஆய்வாளர் யாக்கோபி, பழைய மஞ்சளில் ஈயத்தோடு வெள்ளீயமும் இருப்பதைக் கண்டு 1941-இல் வெளியிட்ட பின்னரே, ஈய வெள்ளீய மஞ்சள் மீண்டும் அறியப்பட்டது. ஐரோப்பா முழுதும் பரவியிருந்த ஓர் அறிவே இவ்வாறு மறையுமானால், ஊர்க்கோடியில் வாழ்ந்தவர் அறிவு என்ன ஆகும்?

ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிடும் பக்குவம், பறைக்குத் தோல் வார்க்கும் பதம், எந்தத் தோலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்னும் கணக்கு ஆகியவை நம் முதியோரின் கைகளில் உள்ளன. இவையும் வேதியியலே. அத்தொழிலையே நீங்கள் செய்யவேண்டும் என்று நாம் கூறவில்லை. பிறப்பைக் காட்டித் தொழிலைச் சுமத்தும் கொடுமை ஒழியவே வேண்டும். ஆனால் தொழில் வேறு, தொழிலினுள் இருக்கும் அறிவு வேறு. முன்னதை விடும்போது பின்னதையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு குறிப்பேடு எடுத்துக்கொண்டு பாட்டனாரின் அருகில் அமருங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள். பின்னர் அதனைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்று, ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்று சோதியுங்கள்.

யார் சொன்னார் என்று கேட்பதோடு நில்லாமல், சோதித்தது யார், எவ்வாறு சோதித்தார் என்று கேட்பதே அறிவியல். மேலே ஒளிவிடுவதைக் காணும்போது, அதனை அடியில் தாங்குவது எது என்று கேட்பதே கல்வி. வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் பிள்ளைகள் இவ்விரு வினாக்களையும் எவ்விடத்தும் அஞ்சாது கேட்பார்களாக.