கண்ணில் விழுந்த தூசி



பாடம் தொடங்கும் முன்னால் ஒரு சேதி சொல்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது.

நாங்கள் காரைக்கால் பக்கம். என் சித்தப்பா வயல் வேலை செய்பவர். மூன்று வருடத்துக்கு முன்னால் சம்பா அறுவடை நேரம். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். காற்று திரும்பியது. நெல் சுணை வலது கண்ணில் விழுந்தது.

"தூசிதானே, போய்விடும்" என்றார். துண்டால் கசக்கினார். இரவு கண் சிவந்து நீர் வடிந்தது. பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டோம். மறுநாள் விளக்கெண்ணெய் விட்டோம். மூன்றாம் நாள், வேறு ஒருவர் கண் ஆபரேஷனுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தைப் போட்டோம். சிவப்பு குறைந்தது. எங்களுக்குச் சந்தோஷம்.

எட்டாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "பூசணம் பிடித்துவிட்டது" என்றார் டாக்டர். இரண்டு மாதம் வைத்தியம் நடந்தது. கண் தங்கியது. பார்வை திரும்பவில்லை. இன்றும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

நாங்கள் என்ன தப்பு செய்தோம்?

கருவிழியின் மேல் கண்ணாடி போன்ற ஒரு தோல் இருக்கிறது. அதன் கனம் நடுவில் அரை மில்லிமீட்டர்தான். கசக்கினால் அதில் கீறல் விழும். கீறல் வழியாகக் கிருமி நுழையும். நெல், உமி, இலை இவற்றில் பூசணக் கிருமி ஒட்டியிருக்கும். தாய்ப்பாலும் எண்ணெயும் கண்ணுக்கு மருந்து அல்ல. அவற்றாலும் கிருமி சேரலாம்.

அந்தச் சொட்டு மருந்து? அது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அது சிவப்பைக் குறைக்கும். ஆனால் கிருமியோடு போராடும் உடம்பின் சக்தியையும் அடக்கிவிடும். உள்ளே பூசணம் வளரும். பாட்டிலில் பெயர் எழுதியிருந்தது. எங்களில் யாரும் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது. டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும்.

நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2001இல் வெளிவந்தது. கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குச் சுகாதாரத் தொண்டர்கள் கிருமியைத் தடுக்கும் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்ட ஒருவருக்கும் கண்ணில் புண் வரவில்லை. தாமதித்து வந்தவர்களில் சிலருக்குப் புண் வந்தது. ஒரு நாள் தாமதம் அவ்வளவு பெரியது.

ஆகவே கண்ணில் தூசி விழுந்தால் கசக்காதீர்கள். கையைக் கழுவுங்கள். கண்ணைக் கொட்டிக் கொட்டித் திறங்கள். காய்ச்சி ஆறிய நீரால் கழுவுங்கள். தூசி போய்விடும். போகாவிட்டால் ஊசியாலோ துணி நுனியாலோ எடுக்காதீர்கள். உறுத்தல், சிவப்பு, கூச்சம் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

பட்டறையில் வேலை செய்பவர்களும் கல் உடைப்பவர்களும் இன்னும் கவனியுங்கள். சம்மட்டி அடிக்கும்போது இரும்புச் சில் தெறித்துக் கண்ணுக்கு உள்ளேயே போய்விடலாம். வலி கொஞ்சமாகவே இருக்கலாம். "ஒன்றுமில்லை" என்று தோன்றும். ஆனால் கண் உள்ளே வீங்கிச் சீழ் பிடிக்கலாம். இரும்பு துருப்பிடித்துப் பார்வையைக் கெடுக்கலாம். ஏதாவது குத்தியிருந்தால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், பிடுங்காதீர்கள். கண்ணில் படாமல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து மூடி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வேலையின்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் இந்தத் துன்பம் பெரும்பாலும் வராது.

சித்தப்பா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் களத்தில் இறங்குகிறார். "இருக்கிற ஒரு கண்ணையாவது காப்பாற்ற வேண்டாமா?" என்கிறார்.

சரி, பலகையை எடுங்கள். இன்றைய பாடம் இரண்டே வரி. எழுதுங்கள்:

கண்ணைக் கசக்காதே.
அன்றைக்கே டாக்டரிடம் போ.

எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.