போட்டிக்கு எதைப் படம் பிடிப்பது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய புகைப்பட வகுப்பில் ஆற்றிய உரை)

கலைப் புகைப்படப் போட்டி என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “எதைப் படம் பிடிப்பது?” செல்போன் இருக்கிறது, அதில் காமிராவும் இருக்கிறது, விஷயம்தான் இல்லை என்கிறார்கள். மலைக்குப் போவதா, கடற்கரைக்குப் போவதா, சூரியன் மறையும் வரை காத்திருப்பதா என்று யோசிக்கிறார்கள்.

அழகை வெறுப்பவர்கள் அல்ல நாம். மறையும் சூரியனையும் பிடிக்கலாம். ஆனால் அதை யாரும் பிடித்துவிடுவார்கள். நடுராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவரின் தலைமுடியில் ஒட்டிய பஞ்சை யார் பிடிப்பது? தினமும் பார்க்கிற நாம்தான் பிடிக்க வேண்டும். நம் வாழ்க்கை படத்துக்கு லாயக்கில்லை என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். விஷயப் பஞ்சத்துக்குக் காரணம் இதுதான்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் தொழிலாளர்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். ‘தொழிலாளர் சித்திரப் பத்திரிகை’ என்ற ஏடு 1926-ம் ஆண்டில் ஒரு புகைப்படப் போட்டியை அறிவித்தது. கம்யூனிஸ்ட் தலைவர் வில்லி முன்சன்பர்க் நடத்திய ஏடு அது. படம் விற்கும் கம்பெனிகளிடம் தொழிலாளியின் வாழ்க்கைப் படங்கள் கிடைக்கவில்லை. ஆகவே வாசகர்களிடமே ஏடு கேட்டது. விஷயங்களையும் அதுவே வகுத்துத் தந்தது: தொழிலாளரின் இயக்கம், அவர்களது சமூக நிலை, அன்றாட வாழ்க்கை, வேலைத்தலம், இயந்திரம். அதே ஆண்டில் ‘தொழிலாளி புகைப்படக்காரன்’ என்ற தனிச் சஞ்சிகையும் தோன்றியது. ஊருக்கு ஊர் குழுக்கள் கிளம்பின. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்த இயக்கத்தை நசுக்கினான். பத்திரிகை பிராகா நகருக்கு இடம் பெயர்ந்தது. தொழிலாளி கையில் இருந்த காமிராவைக் கண்டு பாசிஸ்டுகள் எவ்வளவு அஞ்சினார்கள், பாருங்கள்!

சரி, தலைப்பு கிடைத்துவிட்டது. அதிலிருந்து ஒரு படத்துக்கு எப்படி வருவது? மூன்று வழிகளைச் சொல்கிறோம்.

முதல் வழி, பெரிய சொல்லைக் கண்ணில் படும் பொருளாக மாற்றுவது. ‘ஒற்றுமை’யைப் படம் பிடிக்க முடியுமா? டீனா மோடோட்டி பிடித்தார். இத்தாலியில் பிறந்து, சிறு வயதிலேயே ஜவுளி ஆலையில் உழைத்த பெண் அவர். 1926-ல் மெக்சிகோவில் தொழிலாளர் ஊர்வலத்தை உயரத்திலிருந்து படம் எடுத்தார். முகங்கள் தெரியவில்லை. குடியானவர்களின் அகன்ற தொப்பிகள் மட்டும் நெருக்கமாக ஒரே திசையில் நகர்கின்றன. ‘ஒற்றுமை’ என்று கீழே எழுத வேண்டிய அவசியமே இல்லை. நம் ஊரில் அந்தத் தொப்பியின் இடத்தில் என்ன இருக்கிறது? நடவு வயலில் ஒரே வரிசையில் குனிந்த முதுகுகள் இருக்கின்றன. மில் வாசலில் நெருங்கி நிற்கும் சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். ஒரே படத்தில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நிற்காது.

இரண்டாவது வழி, இரண்டு பொருள்களை அருகருகே நிறுத்துவது. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவர் 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் பிடித்தார். ஒரு பஞ்சாலைப் படத்தில் நீண்டுபோகும் நூற்பு இயந்திர வரிசை. அதன் ஓரத்தில் ஒரு சின்னஞ்சிறு பெண். அந்த அளவு வித்தியாசம்தான் படத்தின் கரு. தன் கோட்டுப் பொத்தான்களை அடையாளமாக வைத்துக் குழந்தைகளின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டார். படம் தனியாகச் சட்டம் செய்துவிடவில்லை. நீண்ட போராட்டத்துக்கு அது சாட்சியாக நின்றது. 1938-ல் அந்நாட்டின் மத்தியச் சட்டம் குழந்தை உழைப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. அறுவடை இயந்திரம் ஓடும் வயலின் வரப்பில் சும்மா கிடக்கும் கதிரரிவாளைப் பாருங்கள், தோழர்களே! இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தால் கூலியாளின் கவலை முழுவதும் அதில் வந்துவிடும்.

மூன்றாவது வழி, ஒரு நாளைத் தொடர்வது. நாம் சொன்ன அதே ஜெர்மன் பத்திரிகை 1931-ல், பிலிப்போவ் என்ற மாஸ்கோ தொழிலாளி குடும்பத்தின் 24 மணி நேர வாழ்க்கையைப் படங்களாகவே வெளியிட்டது. பிறகு ஜெர்மன் தொழிலாளி குடும்பம் ஒன்றின் வாழ்க்கையையும் காட்டியது. மாஸ்கோ படங்கள் வாழ்க்கையை மெருகேற்றிக் காட்டின என்ற விமர்சனமும் உண்டு. அந்த விமர்சனத்தையும் நாம் பாடமாகக் கொள்ள வேண்டும். நமது தரப்பு என்பதற்காக மெருகு பூசக்கூடாது. பல படங்கள் கேட்கும் போட்டிக்கு இந்த வழி பொருந்தும். விடியலில் சோறு கட்டும் கை, பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை, ஷிப்ட் முடிந்து காலியான தூக்குப்பாத்திரம் – ஐந்து படங்கள் போதும்.

இனி, முக்கியமான விஷயம் ஒன்று. பரிசு வாங்கும் படங்களில் ஒரு ரகம் உண்டு. கிழவியின் சுருக்கம் விழுந்த முகம், கண்ணில் நீர், பின்னால் இருட்டு. பார்க்கிறவர் ‘ஆகா!’ என்கிறார். அந்தக் கிழவியின் பெயர் என்ன, என்ன வேலை செய்தாள், கூலி கிடைத்ததா என்று படம் எடுத்தவருக்கே தெரியாது. வறுமையை அலங்காரப் பொருளாக்கும் வேலை இது. அந்தக் கிழவி நமக்கு ஆத்தா, அத்தை. அவர் துயரத்தை விற்றா நாம் கோப்பை வாங்குவது? முதலில் கேளுங்கள், படம் எங்கே போகும் என்று சொல்லுங்கள், எடுத்த பின் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். எவ்வளவு நல்ல படமானாலும் சரி!

பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் வேலைக்கும் ஆபத்து வரக்கூடாது. முதலாளிகள் தடுத்தபோது ஹைன் வேஷம் மாற்றி உள்ளே நுழைந்தார். அவர் படம் எடுத்துவிட்டுப் போய்விடலாம். நாமோ மறுநாள் காலை அதே இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். காமிராவுக்குத் தடை உள்ள மில்லில் வாசலுக்கு வெளியே நில்லுங்கள். உள்ளே நடப்பதன் சுவடு வெளியே வரும் ஒவ்வொரு முகத்திலும் கையிலும் இருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தைத் தேர்ந்துகொண்டு ஐந்து படங்கள் கொண்டுவர வேண்டும். ஏன் இதை எடுத்தோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் கரு இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். திரும்பவும் போய்ப் பாருங்கள். ஜெர்மன் தோழர்கள் செய்ததைப் போலவே படங்களை நடுவில் வைத்து, தாட்சண்யம் இல்லாமல் குறை நிறைகளை அலசுவோம். பிறகு போட்டிக்கு அனுப்புவோம். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், முதல் கண்காட்சி நமது தெருவில்தான் நடக்க வேண்டும். படத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்கட்டும்!