எழுதத் திணறும் பிள்ளையும் மதிப்பீட்டு நிலைகளும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படிப்பட்ட மேடையில் பழைய கதை பேச வேண்டும் என்பது வழக்கம். ஹாஸ்டல் சாம்பாரையும் மரத்தடி அரட்டையையும் மதியச் சாப்பாட்டின்போது வைத்துக்கொள்வோம். எனக்குக் கொடுத்த பத்து நிமிஷத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். உங்களில் பலர் பெற்றோர். சிலர் தாத்தா பாட்டி. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் நாளை பி.எட். படிக்கப் போகிறவர்கள். உங்களுக்கு இது பயன்படும்.

1982-ல் இங்கே கணிதப் பட்டம் வாங்கினேன். ஆசிரியர் பயிற்சி முடித்து 32 வருஷம் கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். 1991-ல் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். வாய்க்கணக்கு கேட்டால் மற்றவர்கள் விரலை விரிப்பதற்குள் விடை வந்துவிடும். பாடத்துக் கதையைச் சொல்லச் சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும். நோட்டைத் திறந்தால் எனக்கு ஆத்திரம் வரும். 'பேனா' என்று சொன்னால் 'பனோ' என்று எழுதியிருப்பான். ஐம்பது தடவை இம்போசிஷன் கொடுத்தேன். ஐம்பது தடவையும் 'பனோ' என்றே எழுதி வந்தான். திமிர் என்று நினைத்து அடித்தேன். முன்னேற்ற அறிக்கையில் "கவனக் குறைவு, சோம்பல்" என்று சிவப்பு மையில் எழுதினேன். அந்த வருஷத்தோடு அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

இப்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். 'பேனா' எழுத இரட்டைக்கொம்பு, ப, ன, கால் என்று நான்கு வடிவம் வேண்டும். 'பனோ'விலும் அதே நான்குதான் இருக்கிறது. கொம்பு மட்டும் இடம் மாறிவிட்டது. வாய் 'ப்' என்று முதலில் சொல்லி, பிறகு 'ஏ' என்கிறது. நம் எழுத்திலோ கொம்பை முன்னால் போட்டுவிட்டு அப்புறம் 'ப' எழுத வேண்டும். அந்தப் பிள்ளை காதில் கேட்ட வரிசையிலேயே எழுதினான். அவன் சோம்பேறியாக இருந்தால் நான்கு வடிவமும் எப்படி வந்திருக்கும்? கணிதம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

2023-ல் என் ஸ்கூட்டர் மக்கர் பண்ணியது. பக்கத்து ஊர் ஒர்க் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வேலையை முடித்தவர் பில் புக்கை என்னிடம் நீட்டி, "டீச்சர், ரசீது மட்டும் நீங்களே எழுதிக்கிடுங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவன்தான். நாற்பது வயசுக்கு மேல் ஆகிவிட்டது. வருகிறவர்களையே ரசீது எழுத வைத்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்.

என்னால் பேச முடியவில்லை. அவரே சொன்னார்: "எம் மவன் மூணாப்பு படிக்கான் டீச்சர். அவனும் என்னைய மாதிரிதான் எழுதுதான். இப்ப அரும்புன்னு சொல்லி ஒண்ணாப்புப் பாடத்துல போட்டுட்டாங்களாம். படிப்ப நிறுத்திரலாமான்னு இருக்கேன்."

"ஒரு வாரம் பொறுப்பா, நான் வந்து பாக்கேன்" என்றேன்.

இந்த 'நிலை' என்ற சொல்தான் பெற்றோரைக் கலங்கடிக்கிறது. நம் மாநிலத்தில் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்தார்கள். ஒன்றாம் வகுப்புத் திறன் அரும்பு, இரண்டாம் வகுப்புத் திறன் மொட்டு, மூன்றாம் வகுப்புத் திறன் மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் அரும்பு என்றால் அவனை வகுப்பை விட்டு இறக்கவில்லை. எங்கே நிற்கிறானோ அங்கேயிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். நான் 'சோம்பல்' என்று எழுதிய இடத்தில் இப்போது 'இங்கே நிற்கிறான்' என்று எழுதுகிறார்கள். இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் எங்கே நிற்கிறான் என்று சொல்லும் நிலை, ஏன் நிற்கிறான் என்று சொல்லாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். 2012-13-ல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். முதலாவதில் செயல்பாடும் சிறு தேர்வும் இருக்கும். இரண்டாவது பருவத் தேர்வு. ஒரு பிள்ளை 34-ம் 14-ம் வாங்குகிறான். இன்னொருவன் 18-ம் 30-ம் வாங்குகிறான். இருவருக்கும் கூட்டினால் 48, இருவருக்கும் சி2 கிரேடு. ஆனால் முதல் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கலாம், தாளில்தான் வரவில்லை. இரண்டாவது பிள்ளையின் கதை வேறு. அதனால் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பிரித்துக் கேளுங்கள்.

ஒர்க் ஷாப்காரர் வீட்டில் நான் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். பத்து நிமிஷம் போதும். முதலில், பாடத்தை வாயால் சொல்லச் சொன்னேன். நன்றாகச் சொன்னான். அடுத்து, புத்தகத்தைப் பார்த்து நாலு வரி எழுதச் சொன்னேன். மெதுவாக, சரியாக எழுதினான். மூன்றாவதாக, சொல்வதை எழுதுதல். அங்கேதான் கொம்பு இடம் மாறியது, ல, ள, ழ குழம்பியது. அப்படியென்றால் கையில் கோளாறு இல்லை, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில்தான் சிக்கல். பார்த்து எழுதுவதற்கே கை வலிக்கிறது, பென்சிலை முறுக்கிப் பிடிக்கிறான் என்றால் அது கைப்பழக்கம் சார்ந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வந்தால் முதலில் கண் டாக்டரிடம் போங்கள். இரண்டும் சரியாக வந்து, சொந்தமாக நாலு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், யோசனையை வரிசைப்படுத்தப் பழக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஐம்பது தடவை எழுதச் சொன்னால் எதுவும் தீராது.

இந்தச் சோதனை மருத்துவமல்ல. பழக்கிய பிறகும் திணறல் தொடர்ந்தால் முறையான பரிசோதனை வேண்டும். டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா என்று சொல்லப்படும் கற்றல் குறைபாடுகள் புத்திக் குறைவு அல்ல. அவை குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1991-ல் தொடங்கியது. அதே வருஷம்தான் நான் கிராமத்தில் பிரம்பைத் தூக்கினேன். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்க்கப்பட்டது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பிறகு ஓடாதீர்கள். முன்கூட்டியே ஆசிரியரிடம் பேசுங்கள்.

அந்தப் பையனுக்கு வாரம் மூன்று சாயங்காலம் ஒதுக்கினேன். மணலில் விரலால் எழுதினோம். கொம்பு, கால் எல்லாவற்றையும் அட்டையில் வெட்டி, இடம் மாற்றி அடுக்கி விளையாடினோம். ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவைத்தேன். அவனுடைய வகுப்பு டீச்சரும் வாய்மொழியாக விடை கேட்க ஒத்துக்கொண்டார். மந்திரம் எதுவும் நடக்கவில்லை. வருஷக் கடைசியில் மொட்டு நிலைக்கு வந்தான். இப்போதும் மெதுவாகத்தான் எழுதுகிறான், தப்பும் வருகிறது. ஆனால் பள்ளிக்குப் போகிறான்.

ஒருநாள் அவன் அப்பாவிடம், "தப்பு எம்மேலதாம்ப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. "அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றார். அது எனக்கு வேண்டியதுதான்.

நாளை ஆசிரியர் ஆகப்போகும் பிள்ளைகளே, ஒரே ஒரு வேண்டுகோள். சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்னால், அந்தத் தப்புக்குள் என்ன சரியாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

போன மாதம் மறுபடி ஸ்கூட்டரை விட்டேன். மகனோடு சேர்ந்து சாயங்காலங்களில் உட்கார்ந்திருந்த அந்த அப்பா, பில் புக்கை என்னிடம் தரவில்லை. பேனாவை எடுத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி, முதலில் கொம்பைப் போட்டார். அப்புறம் 'ச' எழுதினார். 'செயின்' என்று எழுதி முடிக்க நேரம் ஆனது. நான் காத்திருந்தேன்.